ஏற்காட்டு ஷெட்டில் நிற்கும் 1957 எம்.ஜி.ஏ.: கட்டுப்படியாகிற செலவில் சேலத்தில் மெக்கானிக்கல் வேலை நடக்குமா?

சேர்வராயன்_கிழக்கு (ஏற்காடு)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1957-ஆம் வருட எம்.ஜி.ஏ. ஒன்று இருக்கிறது, எம்.ஜி. என்ற இங்கிலாந்து கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் கார். இரண்டு சீட், மேல்கூரை துணி, 1489 சிசி எஞ்சின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர். அப்பா எழுபதுகளில் ஒரு எஸ்டேட் முதலாளியிடம் வாங்கினார். காபிக் களத்துக்குப் பக்கத்து ஷெட்டில் பல வருடமாக நிற்கிறது. அப்பாவுக்கு இப்போது நடப்பதே சிரமம். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்து ஏற்காட்டைச் சுற்றி ஒருமுறை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

வண்டியின் நிலை: ஹேண்டில் போட்டால் எஞ்சின் சுற்றுகிறது, இறுகவில்லை. பிரேக் பெடல் தரை வரை போகிறது. கிளட்ச் மிதித்தாலும் விடுபடவில்லை. டேங்கில் பழைய பெட்ரோல், வார்னிஷ் மாதிரி நாற்றம். காலுக்குக் கீழே இருக்கும் பலகை உளுத்துவிட்டது. ஆர்.சி. இருக்கிறது, காலாவதியாகிவிட்டது.

பெங்களூரில் ஒரு ரெஸ்டரேஷன் கடைக்குப் படம் அனுப்பினேன். நேரில் வந்து பார்க்காமலே பாடியைக் கழற்றி முழு வேலை, 22 லட்சம் என்றார்கள். என்னிடம் இருப்பது மூன்று, மூன்றரை லட்சம். அதுவும் ஒரே நேரத்தில் அல்ல. பெயின்ட் பளபளப்பு எனக்கு முக்கியமில்லை. ஓட வேண்டும், நிற்க வேண்டும், மலையில் பாதுகாப்பாக இறங்க வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?

---

அம்பி1489 (சேலம்)

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன் அம்மா. உங்கள் காரின் எஞ்சின் சேலத்துக்குப் புதிதல்ல. அது பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் எஞ்சின். பழைய அம்பாசிடர் பெட்ரோல் வண்டியில் பல்லாண்டு ஓடியதும் அதே குடும்பம்தான். போர் (சிலிண்டர் விட்டம்) 73 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் நீளம்) 88.9 மி.மீ., மூன்று மெயின் பேரிங், 1-3-4-2 ஃபயரிங் ஆர்டர். ஆகவே "எம்.ஜி. தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா" என்று ஊர் ஊராகக் கேட்காதீர்கள். அப்படி ஒருவர் கிடைத்தால் அவர் சொல்லும் கூலி உங்களுக்குக் கட்டாது. டாக்ஸி ஸ்டாண்டு அம்பாசிடரைக் காலமெல்லாம் இறக்கி ஏற்றிய வயதான மேஸ்திரி யார் இருக்கிறார் என்று கேளுங்கள். அவர் கைக்கு 1/2, 9/16 ஸ்பேனர் தானாக வரும். இப்போதைய பையன்கள் 13-ஆம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு நட்டின் முனையை மழுக்கிவிடுவார்கள். பழைய நட்டு ஒன்று போனால் அதை எடுக்கவே அரை நாள் ஆகும்.

இரண்டாவது, வண்டியை முழுசாக ஒரே கடையில் கொண்டுபோய் விடாதீர்கள். லாரித் தொழிலை நம்பி நம் ஊரில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பட்டறை இருக்கிறது. ஹெட் (சிலிண்டர்களுக்கு மேலே வால்வு உட்காரும் பகுதி) வேலைக்கு ஒருவர், கிராங்க் கிரைண்டிங்குக்கு ஒருவர், ரேடியேட்டருக்கு ஒருவர், ஸ்பிரிங் பட்டைக்கு ஒருவர், பிரேக் லைனிங்குக்கு ஒருவர். பொருளைக் கழற்றி நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால் லாரிக்காரருக்குச் சொல்லும் கூலியைத்தான் உங்களுக்கும் சொல்வார்கள். அதே பொருள் ரெஸ்டரேஷன் கடை வழியாகப் போனால் விலையே வேறு. கழற்றி மாட்ட ஒரு மேஸ்திரி, மற்றதெல்லாம் பட்டறைகள். உங்கள் பட்ஜெட்டுக்கு இந்த வழிதான் சரி.

மூன்றாவது, இப்போதைக்கு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்க ஆசைப்படாதீர்கள். நான்கு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு, ஓரிரு நாள் ஊறவிடுங்கள். பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் ஊற்றுங்கள். பிளக் இல்லாமலே சுற்றி, ஆயில் பிரஷர் முள் எழுகிறதா பாருங்கள். டேங்கைக் கழற்றித் தனியாக வையுங்கள். அதற்கப்புறம் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது நான்கு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகின்றன என்று கேஜில் பார்ப்பது. அந்த நான்கு எண் வராமல் எஞ்சினுக்கு ஒரு ரூபாய் செலவு செய்ய வேண்டாம்.

---

ஐந்துரோடு_டிரைவ்

இவ்வளவு பாடு எதற்கு? பழைய மாருதி எஸ்டீம் எஞ்சினும் கியர்பாக்ஸும் சல்லிசாகக் கிடைக்கும். மவுண்டிங் செய்து இறக்கினால் ஏசி கூடப் போடலாம். காலையில் சாவி திருப்பினால் கிளம்பும்.

---

அம்பி1489

தம்பி, எஸ்டீம் எஞ்சின் முன்சக்கரத்துக்காகக் குறுக்காக வைத்தது. இந்த வண்டி பின்சக்கரத்தில் ஓடுவது. கியர்பாக்ஸ், புரொப்பல்லர் ஷாஃப்ட், மவுண்டிங், ரேடியேட்டர், வயரிங் என்று மாற்றிக்கொண்டே போனால் சல்லிசு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் நம்பரும் போய்விடும். நல்ல எஞ்சின் கையில் இருக்கும்போது அதை எடுத்து வெளியே வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

---

ஹெரால்டு_வீட்டுக்காரர் (ஈரோடு)

நான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிறேன். சென்னையில் செய்த வண்டி என்பதால் எனக்குப் பாகம் கிடைப்பது கொஞ்சம் சுலபம். அம்பி அண்ணன் சொன்னதை மதிக்கிறேன், ஆனால் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். ஏற்காட்டு மழையிலும் பனியிலும் பல வருடம் நின்ற வண்டி. எஞ்சினைத் தொடுவதற்கு முன்னால் சேஸிஸைப் பாருங்கள். எம்.ஜி.ஏ.வுக்குத் தனி சேஸிஸ் உண்டு, பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கிறது. தரைப்பலகை பிளைவுட். பலகை உளுத்தால் மாற்றிக்கொள்ளலாம், அது பெரிய காரியமில்லை. பலகையைத் தாங்கும் இரும்புச் சட்டமும், சீட்டுக்குப் பின்னால் பேட்டரி உட்காரும் தொட்டிகளும்தான் முதலில் துருப்பிடித்துப் போகும். பலகையை எடுத்துவிட்டு, சின்னச் சுத்தியலால் சேஸிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். போன இடம் மொத்தென்று சத்தம் வரும், சில இடத்தில் ஸ்க்ரூடிரைவரே உள்ளே இறங்கும்.

மெயின் சட்டம் போயிருந்தால் பாடியைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அந்த நிலையில் எஞ்சினுக்குப் போடும் காசு முழுக்க வீண். முழு ரெஸ்டரேஷன் என்றாலே ஏமாற்று என்று எல்லாரும் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. சில வண்டிக்கு அது ஒன்றுதான் வழி.

---

அம்பி1489

ஈரோட்டுக்காரர் சொல்வது நியாயம். சேஸிஸ் தட்டிப் பார்ப்பதுதான் முதல் வேலை, பிளக் கழற்றுவது அதற்கு அடுத்தது. ஆனால் இது ஷெட்டுக்குள் நின்ற வண்டி என்கிறார். பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

---

குகை_லேத் (சேலம்)

அக்கா, லேத் பட்டறைக்காரன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன். பொருளைக் கொண்டுவருகிறவர்கள் "பார்த்துச் செய்து கொடுங்க" என்று வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்களுக்குப் பழைய வண்டிப் பொருள் செய்யப் பிடிக்கும். ஆனால் அளவு இல்லாமல் எங்களால் நியாயமான கூலி சொல்ல முடியாது. மேனுவலில் அந்தப் பாகத்தின் அளவு இருக்கும் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள். அங்குலத்தில் இருந்தாலும் பரவாயில்லை.

இந்த வண்டியில் லேத்தால் முடியும் வேலைகள் நிறைய இருக்கின்றன. எஸ்.யூ. கார்புரேட்டரில் திராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து ஆடும். அந்த இடுக்கில் காற்று இழுத்தால் எத்தனை டியூன் செய்தாலும் ஐட்லிங் நிற்காது. பாடியைத் துளைத்து வெண்கல புஷ் போட்டு, புது ஸ்பிண்டிலுக்குப் பொருத்திவிடலாம். ஷாக் அப்சார்பர் உங்கள் வண்டியில் இப்போதைய குழாய் வகை இல்லை, லீவர் வகை. முன்பக்கம் அதன் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கையாகவும் இருக்கிறது. எண்ணெய் கசிந்தால் சீலை மட்டும் மாற்றி லாபமில்லை, ஷாஃப்ட் தேய்ந்திருக்கும். ஷாஃப்டைத் தேய்த்துச் சரி செய்து, புஷ் போட்டு, அந்த அளவுக்கு ஆயில் சீல் தேடிக்கொள்ளலாம். ஆயில் சீல் அளவு பார்த்து வாங்கும் பொருள்தான், எம்.ஜி. டப்பாவில் வர வேண்டியதில்லை.

கிராங்க் கிரைண்டிங் வந்தால் ஒன்று கவனம். முதலில் எந்த அண்டர்சைஸில் (கிராங்கைத் தேய்த்துக் குறைத்த அளவு) பேரிங் கிடைக்கிறது என்று உறுதி செய்து, பேரிங் கைக்கு வந்த பிறகுதான் கிராங்கை மிஷினில் ஏற்ற வேண்டும். பத்து, இருபது, முப்பது என்று நாங்கள் சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் பாகம். முப்பதுக்கு அடித்துவிட்டு முப்பது பேரிங் கிடைக்காமல் நின்றுபோன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

---

அம்பி1489

நல்ல பேச்சு. பாகம் வாங்குவதில் ஒரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். "அம்பாசிடர் 1489" என்று கடையில் கேட்டால் டீசல் பாகத்தைக் கொடுத்துவிடுவார்கள். அம்பாசிடர் டீசல் எஞ்சினும் 1489 சிசிதான். எண் ஒன்று, பாகம் வேறு. அதேபோல் பின்னால் வந்த 1800 ஐ.எஸ்.இசட். வண்டியின் எஞ்சின் இசுசு, அதில் ஒரு வாஷர் கூட உங்களுக்கு ஆகாது. "பழைய பெட்ரோல், புஷ்ராடு எஞ்சின்" என்று கேளுங்கள்.

பெட்ரோலாகவே இருந்தாலும் போர் அளவு ஒத்துப்போகிறது என்பதற்காகப் பிஸ்டனை வாங்கிவிடக் கூடாது. உங்கள் எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் 8.3. பிஸ்டன் தலையின் வடிவம், பின் ஓட்டையிலிருந்து தலை வரை உயரம் இரண்டையும் பழைய பிஸ்டனோடு பக்கத்தில் வைத்து அளந்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும். அம்பாசிடர் ஹெட்டை எடுத்து மாட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எம்.ஜி. ஹெட்டின் வால்வும் போர்ட்டும் வேகத்துக்காகச் செய்தது.

உள்ளூரில் கிடைக்காததை இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். 1955 முதல் 1962 வரை ஒரு லட்சத்துக்கும் மேல் எம்.ஜி.ஏ. செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அங்கே இன்னும் ஓட்டுகிறார்கள், அதனால் பாகம் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். கஸ்டம்ஸ் தீர்வையும் கூரியரும் சேர்த்தால் கனமான பொருள் கட்டாது. கேஸ்கட் செட், பேரிங், ரப்பர் கிட், கார்புரேட்டர் நீடில் மாதிரி கனமில்லாத சாமான்களை மட்டும் ஒரே பட்டியலாகப் போட்டு ஒரே பார்சலில் வரவழையுங்கள்.

---

சேர்வராயன்_கிழக்கு

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. சொன்ன வரிசையில் செய்தேன்.

பலகையை எடுத்தோம். சேஸிஸ் மெயின் சட்டம் நெடுகக் கணீரென்றுதான் சொல்கிறது. இடப்பக்கம் பலகையைத் தாங்கும் ஆங்கிள் ஒரு முழம் நீளம் போய்விட்டது. இரண்டு பேட்டரித் தொட்டியும் சல்லடை. எங்கள் எஸ்டேட்டுக்கு கேட் செய்து தந்த வெல்டர் பார்த்துவிட்டு, பாடியைக் கழற்றாமலே வெட்டி ஒட்டலாம் என்கிறார்.

ஆயில் ஊறவிட்டு, பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றியபோது ஆயில் முள் எழுந்தது. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தார். ஏற்காட்டு ஒர்க்ஷாப் தம்பி கேஜ் கொண்டுவந்தார். கம்ப்ரஷன், பவுண்டு கணக்கில்:

1 – 135, 2 – 130, 3 – 60, 4 – 130.

ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்ட பிறகு: 145, 140, 65, 140.

இது எஞ்சினை முழுசாக இறக்க வேண்டும் என்று அர்த்தமா? ஒர்க்ஷாப் தம்பி போரிங் பண்ணியாக வேண்டும் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

---

அம்பி1489

அம்மா, பயப்பட ஒன்றுமில்லை, இது சந்தோஷப்பட வேண்டிய எண். மூன்று சிலிண்டர் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறது. குளிர்ந்த எஞ்சினில், இத்தனை வருடம் நின்ற வண்டியில் 130 வருவது நல்ல நிலை. மூன்றாவது மட்டும்தான் பிரச்சினை. அங்கே பிஸ்டன் ரிங் போயிருந்தால், ஆயில் விட்டதும் எண் நன்றாக ஏறியிருக்க வேண்டும். ஆயில் ரிங்கைச் சுற்றி அடைத்துக்கொள்ளும். உங்களுக்கு 60, 65 ஆனது, அவ்வளவுதான். ஆகவே காற்று கீழே போகவில்லை, மேலே போகிறது. வால்வு உட்காரவில்லை. போரிங் வேண்டாம், பிஸ்டன் வேண்டாம். ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும். அந்த ஒரு ஸ்பூன் ஆயில் உங்களுக்குப் பெரும் பணத்தை மிச்சம் பிடித்திருக்கிறது.

ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்னால் இன்னொன்றும் பார்க்கலாம். ராக்கர் மூடியைத் திறந்து மூன்றாவது சிலிண்டரின் வால்வுக்கு கிளியரன்ஸ் (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவில் இடைவெளி) இருக்கிறதா பாருங்கள். முன்னாலிருந்து எண்ணினால் ஐந்தாவதும் ஆறாவதும். ஒன்பது கணக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: நான்காவது வால்வு முழுக்கத் திறந்திருக்கும்போது ஐந்தாவதைப் பார்க்க வேண்டும், மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவதை. கிளியரன்ஸே இல்லாமல் இறுக்கிப் பிடித்திருந்தால் அதைச் சரி செய்துவிட்டு மறுபடி கம்ப்ரஷன் எடுங்கள். சில சமயம் அதிலேயே தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் ஹெட். இங்கேதான் அவசரப்படுகிறவர்கள் கெடுக்கிறார்கள். இந்த எஞ்சினில் ராக்கர் ஷாஃப்டைப் பிடித்திருக்கும் நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. ராக்கரை மட்டும் எடுக்கிறேன் என்று அந்த நான்கை முழுக்கத் தளர்த்தினால் ஹெட் ஒரு பக்கமாக இழுத்துக் கோணும், தண்ணீரும் உள்ளே இறங்கும். முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடியுங்கள். பிறகு பதினோரு நட்டையும் நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில், ஒரு நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். புஷ்ராடுகளை ஒரு அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசை மாறாமல் செருகி வையுங்கள். மாட்டும்போதும் நடுவிலிருந்து வெளியே, 50 பவுண்டு-அடி, டார்க் ரெஞ்சில்தான். எஞ்சின் ஒருமுறை சூடாகி ஆறிய பிறகு மறுபடி இறுக்கிப் பார்த்து, டாப்பெட்டையும், அதாவது வால்வு கிளியரன்ஸையும், மறுபடி பாருங்கள்.

---

குகை_லேத்

ஹெட் இறங்கினால் ஒரு வேலையைச் சேர்த்தே செய்துவிடுங்கள். இந்த வண்டி செய்த காலத்தில் பெட்ரோலில் ஈயம் இருந்தது. நம் நாட்டில் 2000-க்கு அப்புறம் இல்லை. ஈயம் இல்லாத பெட்ரோலில், மலை ஏற்றத்தில் சூடாகும்போது எக்ஸாஸ்ட் வால்வு, தான் உட்காரும் சாதா இரும்பு சீட்டைத் தின்று உள்ளே இறங்கும். நான்கு எக்ஸாஸ்டுக்கும் கடினமான சீட் ரிங் போட்டு, கைடு மாற்றி, சீட் கட் செய்து, ஹெட்டின் அடிப்பக்கத்தைக் கொஞ்சமாக ஃபேஸிங் (சீவிச் சமன்) செய்தால் போதும். லாரி ஹெட்டுக்குத் தினமும் செய்யும் வேலைதான். ஃபேஸிங் குறைவாக எடுக்கச் சொல்லுங்கள், அதிகம் எடுத்தால் கம்ப்ரஷன் ஏறி நாக்கிங் வரும்.

---

சங்ககிரி_சக்கரம்

சகோதரி, எஞ்சின் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். நான் பிரேக் பற்றிப் பேசுகிறேன். ஏற்காட்டிலிருந்து அடிவாரம் வர இருபது கொண்டை ஊசி வளைவு. உங்கள் வண்டிக்கு நான்கு சக்கரமும் டிரம், பூஸ்டர் கிடையாது. பணத்தில் முதல் பங்கு அங்கேதான் போக வேண்டும், எஞ்சின் எல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

மாஸ்டர் சிலிண்டர் ஒரே பாடியில் இரண்டு துளை, ஒன்று பிரேக்குக்கு, ஒன்று கிளட்சுக்கு. இரண்டிலும் உள்ளே துருக்குழி விழுந்திருக்கும். குழியோடு புது ரப்பர் போட்டால் சில மாதத்தில் கிழியும். துளையைப் பெரிதாக்கி ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் போட்டு, பழைய அளவுக்கே முடித்துத் தரச் சொல்லுங்கள். வீல் சிலிண்டர்களுக்கும் அதே வேலை. ஷூவுக்கு லைனிங் ஒட்டிக் கொடுக்க லாரிப் பட்டறைகளில் ஆள் உண்டு. டிரம்மை லேத்தில் கொஞ்சம் எடுத்துச் சமன் செய்த பிறகு, அந்த டிரம்முக்கு ஏற்ப லைனிங்கை ராவச் சொல்லுங்கள். ரப்பர் பிரேக் ஹோஸ் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடுங்கள், உள்ளே ஊதி அடைத்திருக்கும். இரும்புப் பைப்பும் புதிதாக வளைத்துப் போடுவது நல்லது.

பின்பக்கப் பட்டை தொய்ந்திருந்தால் கழற்றிப் பட்டைப் பட்டறையில் கொடுத்தால் வளைவு ஏற்றித் தருவார்கள். புஷ் மட்டும் புதிது போடுங்கள். ரேடியேட்டர் பித்தளை, செம்பு. அலுமினியம் போடச் சொல்வார்கள், வேண்டாம். மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும் அப்படியே வைத்து, புதுக் கோர் மட்டும் போடச் சொல்லுங்கள். மலை ஏறும் வண்டிக்கு அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. வண்டியை சேலத்துக்குக் கொண்டுவருவதாக இருந்தால், கயிறு கட்டி இழுத்து வர யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிரேக் இல்லாத வண்டியைக் கயிற்றில் மலை இறக்குவது உயிர் விஷயம். தட்டு லாரியில் ஏற்றி, நான்கு சக்கரமும் கட்டித்தான் இறக்க வேண்டும்.

---

சேர்வராயன்_கிழக்கு

வண்டியை இறக்கப் போவதில்லை அண்ணா. மேஸ்திரி ஒருவர் கிடைத்துவிட்டார், டாக்ஸி அம்பாசிடரில் வளர்ந்தவர். இங்கேயே வந்து கழற்றுகிறார், ஹெட்டும் பிரேக் சாமான்களும் ரேடியேட்டரும் என் ஜீப்பில் சேலம் போகின்றன. ஐந்தாவது வால்வுக்கு கிளியரன்ஸ் சரியாகத்தான் இருந்தது. ஹெட்டைத் திறந்ததும் அந்த வால்வின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்குக் கரிந்த பள்ளம். மற்ற சிலிண்டர் சுவரில் ஹோனிங் கோடு இன்னும் தெரிகிறது, விளிம்பில் தடிப்பு கையில் தட்டவே இல்லை.

ஆர்.சி. பற்றி யாராவது சொல்ல முடியுமா? வின்டேஜ் பதிவு என்று ஒன்று வந்திருக்கிறதாமே.

---

அஸ்தம்பட்டி_ஆவணம்

2021-இல் மோட்டார் வாகன விதியில் சேர்த்தார்கள். முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த, பெரிய மாற்றம் செய்யாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிக்கு வின்டேஜ் பதிவு கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும். ஆனால் அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, வின்டேஜ் ரேலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, ரிப்பேர் வேலைக்கு விட என்று சிலவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம்.

நீங்கள் அப்பாவை ஏற்றிக்கொண்டு சாதாரணமாகச் சுற்ற ஆசைப்படுவதால், பழைய பதிவைப் புதுப்பிப்பதுதான் பொருத்தம். 15 வருடம் கடந்த வண்டிக்கு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்கலாம். தாமதக் கட்டணமும் பசுமை வரியும் வரும், வண்டியை இன்ஸ்பெக்ஷனுக்குக் காட்ட வேண்டும். அதற்குள் சேஸிஸ் நம்பர் தகட்டையும் எஞ்சின் நம்பர் தகட்டையும் மேஸ்திரி சுரண்டிப் பெயின்ட் அடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெல்டிங்குக்கு முன்னால் இரண்டையும் தெளிவாகப் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.

---

ஹெரால்டு_வீட்டுக்காரர்

பெட்ரோல் பக்கமும் ஒரு வார்த்தை. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பருக்கு அது ஆகாது. டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ரப்பர் ஹோஸை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பின்னால் இருக்கும் எஸ்.யூ. எலக்ட்ரிக் பம்பின் டயாஃப்ரத்தையும் மாற்றுங்கள். சாவி போட்டதும் அந்தப் பம்பு டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் நிறைந்ததும் நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்தால் எங்கோ கசிகிறது, அல்லது ஃப்ளோட் வால்வு மூடவில்லை. உடனே சாவியை எடுத்துவிடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், ஏற்காட்டுக் குளிரில் டேங்க் சீக்கிரம் துருப்பிடிக்கும். நிறுத்தி வைக்கும் மாதங்களில் டேங்கைக் காலியாக வையுங்கள்.

அப்புறம், இந்த வண்டிக்குப் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர வேண்டும். சீட்டுக்குப் பின்னால் 6 வோல்ட் பேட்டரி இரண்டு, சேர்த்து 12. புது பேட்டரி மாட்டும் பையன் பழக்கத்தில் நெகட்டிவ்வை பாடிக்குக் கட்டிவிடுவான். பேட்டரித் தொட்டிக்குப் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

---

சேர்வராயன்_கிழக்கு

ஹெட் மாட்டியாகிவிட்டது. மூன்றாவது சிலிண்டரில் இப்போது 135. எஞ்சின் ஓடுகிறது, சூடான பிறகு ஓட்டத்தில் 50 பவுண்டு ஆயில் பிரஷர் நிற்கிறது. கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலில் ஒட்டியிருந்தது. பின் அச்சை ஸ்டாண்டில் உறுதியாக ஏற்றி, கியரில் ஓடவிட்டு, பெடலை மிதித்தபடி மேஸ்திரி பிரேக்கை லேசாகப் பிடித்ததும் விடுபட்டது. எஞ்சினை இறக்கும் வேலை தப்பியது. பிரேக் சாமான்களும் ஸ்லீவ் போட்டு வந்து, நான்கு சக்கரமும் பிடிக்கிறது.

இதுவரை செலவு: ஹெட், ரேடியேட்டர், பிரேக், வெல்டிங், மேஸ்திரி கூலி, இங்கிலாந்துப் பார்சல் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துக்குள். லீவர் ஷாக்கும் டயரும் பாக்கி.

ஒரு சந்தேகம். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் கீழே ஆயில் சொட்டுகிறது. ராத்திரி நிறுத்தினால் காலையில் உள்ளங்கை அளவு கறை. பின் சீலை மாற்ற எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும் என்று ஒருவர் சொல்கிறார்.

---

அம்பி1489

இறக்காதீர்கள். அந்த இடத்தில் இப்போதைய வண்டி மாதிரி ரப்பர் சீலே கிடையாது. கிராங்கில் திருகு மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள், சுற்றும்போது அது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். நின்றால் கொஞ்சம் சொட்டத்தான் செய்யும், புதிதாக வந்தபோதும் சொட்டியதுதான். டாப்பெட் மூடியிலிருந்து வரும் பிரீதர் குழாய் அடைத்திருக்கிறதா பாருங்கள். அடைத்தால் உள்ளே காற்று அழுத்தம் ஏறி ஆயிலைப் பின்பக்கம் தள்ளும். சுத்தம் செய்தால் கறை பாதியாகக் குறையும். ஆயில் கிளட்சுக்குள் இறங்கி ஸ்லிப் ஆகிறது என்றால் மட்டும் அப்புறம் யோசிக்கலாம்.

லீவர் ஷாக்கைக் குகைத் தம்பியிடமே கொடுங்கள். உள்ளே ஊற்ற 20 வெயிட் பைக் ஃபோர்க் ஆயில் போதும். அது முடிகிற வரை ஏற்காட்டுக்குள்ளேயே ஓட்டுங்கள், கொண்டை ஊசிப் பக்கம் இறங்க வேண்டாம். முன் சக்கரம் திரும்பும் கிங்பின்னுக்கு கிரீஸ் அடித்தாகிவிட்டதா? அது திருகு மரை வகை, கிரீஸ் காய்ந்தால் மரை தின்றுவிடும்.

---

சேர்வராயன்_கிழக்கு

பிரீதர் குழாயில் ஏதோ பூச்சி மண்கூடு கட்டியிருந்தது, எடுத்துவிட்டோம். கிங்பின்னுக்கு நாளை காலை கிரீஸ் அடிக்கிறார்கள். குகை அண்ணா, நான்கு ஷாக்கையும் திங்கட்கிழமை கொண்டுவரலாமா? மேனுவல் பக்கத்தையும் பிரிண்ட் எடுத்து வருகிறேன்.

---

குகை_லேத்

வாருங்கள் அக்கா. முன்பக்க இரண்டையும் பின்பக்க இரண்டையும் தனித்தனிச் சாக்கில் போட்டு, இடது வலது சாக்பீஸில் எழுதிவிடுங்கள். பழைய ஆயிலை வடிக்காமல் அப்படியே கொண்டுவாருங்கள், எந்தப் பக்கம் கசிகிறது என்று பார்க்க வேண்டும்.